பின்சீட்டுப் பாரம்

கஸ்பாரின் பிளிமத் காரைக் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் யாரும் நம்பரைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. மூக்கைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு ஒரு கார் வந்தால் அது கஸ்பாருடையது. ஊருக்குத் திரும்பிப் போன அமெரிக்கப் பாதிரியார் ஒருவரிடமிருந்து அவன் வாங்கியபோது அதுவும் மற்றக் கார்களைப் போல மரியாதையாகத்தான் நின்றது. ஆனால் சீசனுக்கு வருகிறவர்களை ஏரியைச் சுற்றிக் காட்டி வருஷம் முழுக்கச் சாப்பிட முடியுமா? பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டை ஏற்ற ஆரம்பித்தான். பாரம் தாங்குவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் கூடுதல் பட்டைகள் சேர்த்துக் கட்டினான். மூட்டை இருந்தால் வண்டி மட்டமாக நிற்கும். இல்லாவிட்டால் வாலைத் தூக்கிக்கொள்ளும். அப்போது பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொரு குழிக்கும் கூரையில் தலையை இடித்துக்கொள்வார்கள்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில் ஒரு நாள் அந்த வால் இறங்கிவிட்டது. லேசாக இல்லை, வண்டி குந்தி உட்கார்ந்துவிட்டது. சேர்த்த பட்டைகளை எல்லாம் எடுத்து, அதுவும் போதாதென்று பாதிரியார் காலத்துப் பட்டையிலும் பக்கத்துக்கு ஒன்றை உருவியிருந்தான் கஸ்பார். செய்தி காதில் விழுந்ததும் பூம்பாறைப் பூண்டு வியாபாரி மயில்சாமி முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கிவிட்டார்.

"என்ன கஸ்பாரு, வண்டி இடுப்பு ஒடிஞ்சு கெடக்கு?"

"ஒடியலண்ணே. நான்தான் பட்டையக் கழட்டுனேன்."

"புத்தி கித்தி பெரண்டு போச்சா ஒனக்கு? அடுத்த மாசம் பூண்டு பிடுங்கப் போறோம். மூட்டைய எதுல ஏத்துறது, ஒந்தலையிலயா?"

"லாரிக்குச் சொல்லிருங்கண்ணே."

"எந்த லாரிக்காரன் அந்த ரோட்டுக்கு வாரான்? வந்தவன் பூராம் கும்பிடு போட்டுட்டுப் போயிட்டான். சரி, எதுக்கு இந்த வேண்டாத சோலி?"

"அருளை மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும். புள்ள குறுக்க கெடக்காம். வலி வார வரைக்கும் இங்க இருக்கப்படாது, குலுங்காம எறங்கிருங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

மயில்சாமியின் குரல் இறங்கிவிட்டது. கோபக்காரர்தான், ஆனால் பொல்லாதவர் இல்லை. "அதுக்கென்ன, தாராளமாப் போயிட்டு வா. வந்து திரும்ப மாட்டிக்கிருவோம்."

"மாட்ட முடியாதுண்ணே. பட்டைய ஆசாரிகிட்டக் குடுத்துட்டேன். இந்நேரம் அருவாளா அடிச்சிருப்பாரு."

மயில்சாமி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து, கையிலிருந்த மஞ்சள் பையை நீட்டினார். "இந்தா, புள்ளத்தாச்சிக்குன்னு கொண்டாந்தேன். பழைய பூண்டு, காரம் நின்னு பேசும்."

"பூண்டு வேணாம்ணே," என்றான் கஸ்பார். பையைத் தொடக்கூட இல்லை.

அந்த வீட்டில் பூண்டு புழங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கஸ்பாரின் பெஞ்சாதி அருள்மேரிக்கு எட்டாம் மாதத்தில் திடீரென்று வலி கண்டது. உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வாசலில் கார் தயாராக நின்றது. ஆனால் வத்தலக்குண்டுக் கமிஷன் கடைக்குப் போக வேண்டிய பூண்டு மூட்டைகள் டிக்கியிலும் பாதிப் பின்சீட்டிலும் ஏற்றியாகியிருந்தன. கஸ்பார் மூட்டையை இறக்கவில்லை. மீதிச் சீட்டில் அவளை உட்கார வைத்துக் கிளம்பிவிட்டான். அவள் மூட்டையில் சாய்ந்துகொண்டே போனாள். பெருமாள்மலை தாண்டும்வரை வயிற்றில் அசைவு இருந்தது. அதற்குக் கீழே இல்லை.

கொடி சுற்றியிருந்தது, மூட்டைக்கும் குலுக்கலுக்கும் சம்பந்தமில்லை என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொன்னதை அருள்மேரி கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அடுப்படியிலிருந்த பூண்டையெல்லாம் வாரிக் குப்பையில் கொட்டினாள். அதன் பிறகு ரசத்தில்கூடப் பூண்டு இல்லை. கஸ்பாரும் ஏனென்று கேட்காமல் சாப்பிட்டான். அந்தக் காரிலும் அவள் ஏறவில்லை. கோயிலுக்கு நடந்து போனாள். பள்ளங்கியில் தாய்வீட்டுக்கு பஸ்ஸில் போனாள். சண்டை போட்டிருந்தால் ஒருநாளில் முடிந்திருக்கும். புருஷனும் பெஞ்சாதியும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குள் இப்படி ஒன்றை வளர்த்தால் என்ன செய்வது? பார்க்கிற நமக்குத்தான் வயிற்றெரிச்சல்.

அன்று ராத்திரி சோறு போடும்போது கஸ்பார் மெதுவாக ஆரம்பித்தான்.

"பட்டையெல்லாம் கழட்டியாச்சு அருளு. இப்ப வண்டி மெத்தையாட்டம் இருக்கு."

"நான் பஸ்ல போயிக்கிறேன்."

"படுத்துக்கிட்டே போகணும்னு டாக்டரம்மா சொன்னாங்கள்ல? பஸ்ல எங்க படுப்ப?"

"ஒக்காந்துட்டுப் போறேன். ஊரே அப்படித்தான போகுது."

"ஊர்க்காரிகளுக்கா புள்ள குறுக்க கெடக்கு?"

"எனக்குத்தான கெடக்கு. நான் பாத்துக்கிறேன். ரசம் ஊத்தவா?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதற்கிடையில் மெத்தையாட்டம் ஆன வண்டி வேறொரு வித்தை காட்ட ஆரம்பித்தது. நேர் ரோட்டில் போகும்போதே வலது பக்கமாக இழுத்தது. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துப் பிடித்தால்தான் நேராகப் போயிற்று. கஸ்பார் அடியில் படுத்து முன்சக்கரங்களை இணைக்கும் டை ராடைத் திருகிப் பார்த்தான். சரியாகவில்லை. இன்னும் திருகினான். டயரின் ஓரம் ரம்பத்தால் அறுத்ததுபோலத் தேய்ந்தது.

கடைசியில் மச்சான் மனுவேலிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. மனுவேல், அருள்மேரியின் அண்ணன். பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே ஒர்க் ஷாப் வைத்திருந்தான். பட்டை கழற்றுகிற வேலையைத் தன்னிடம் சொல்லாமல் கஸ்பாரே செய்துகொண்டான் என்று அவனுக்கு ஏற்கெனவே கடுப்பு. வண்டியை ஏரி ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினான்.

"மாப்ள, இதுலயா எந்தங்கச்சிய ஏத்தப் போற? அசந்தா நேரா ஏரிக்குள்ள கொண்டுபோயி விட்டுரும் போலருக்கு."

"அதுக்குத்தான மச்சான் ஒங்ககிட்ட வந்தேன்."

"கழட்டுறப்ப வரல?"

மனுவேல் சாயங்காலம் வரை முன்சக்கரத்தோடு மல்லுக்கட்டினான். எல்லாம் அளவாக இருந்தது. ஓட்டினால் மட்டும் இழுத்தது. "நாளைக்கு வெள்ளனே வீட்டுக்கு வாரேன், குளுருல நல்ல புத்தி வரும்," என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் கடுமையான உறைபனி. கஸ்பாரின் வீட்டுக்குக் கீழே புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல வெள்ளையாகக் கிடந்தது. சொன்னபடி மனுவேல் வந்து, வண்டியைக் கிளப்பிப் புல் வழியாக ரோட்டுக்கு ஏற்றினான். சால்வையைப் போர்த்திக்கொண்டு கதவடியில் நின்ற அருள்மேரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, வண்டி ஏன் கோணலாப் போகுது?"

"என்ன தாயி?"

"தடத்தப் பாருங்க. முன்சக்கரம் போன தடத்துல பின்சக்கரம் போகல. ரெண்டு பக்கமும் தள்ளித் தள்ளிப் போயிருக்கு. நம்ம அப்பா மட்டக்குதிரையில ஒரு பக்கம் பாரம் சாஞ்சா இப்படித்தான நடக்கும், பொச்ச ஒரு பக்கமா தள்ளிக்கிட்டு?"

மனுவேல் இறங்கி வந்து பார்த்தான். வெள்ளைப் புல்லில் கறுப்பாக நாலு கோடுகள். நேராகப் போன இடத்திலும் பின்சக்கரத் தடங்கள் இரண்டும் ஒரே பக்கமாக விலகியிருந்தன. அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"நேத்துப் பூராம் முன்னாடியே நோண்டிக்கிட்டு இருந்தேனே! பின் அச்சுல்ல கோணிக்கிட்டு நிக்கிது! மாப்ள, பட்டை கழட்டுறப்ப வண்டி எங்க நின்னுச்சு?"

"இங்கதான். வாசல்ல."

"இந்தச் சரிவுலயா?"

"கொடைக்கானல்ல சரிவில்லாத எடம் எங்கிட்டு மச்சான் இருக்கு?"

"சக்கரத்துக்குக் கல்லு வச்சியா?"

"கல்லு வைக்காம எவனாச்சும் வண்டிய நிப்பாட்டுவானா?"

"எத்தன சக்கரத்துக்கு?"

கஸ்பார் யோசித்தான். "எப்பவும்போல இடது பின்சக்கரத்துக்கு. ஒண்ணு போதும்ல?"

மனுவேல் சிரித்துவிட்டான். மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இது கை தானாகச் செய்கிற காரியம். நிறுத்தியதும் இறங்கி ஒரு கல்லை எடுத்து ஒரு சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பான். பிரேக்கை நம்பினாலும் கல்லை வைப்பான். ஆனால் பட்டையிலிருந்து கழற்றிவிட்ட அச்சு, கட்டவிழ்த்த மாடு மாதிரி. இடது சக்கரத்தைக் கல் பிடித்துக்கொண்டது. வலது சக்கரம் சரிவில் விரல்கனம் முன்னால் உருண்டுவிட்டது. பட்டையின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் போல்ட்டுத் தலை, அச்சிலுள்ள குழியில் உட்காராமல் விளிம்பில் ஏறிக்கொண்டது. கஸ்பார் அதைக் கவனிக்காமல் அப்படியே இறுக்கிவிட்டான்.

"மட்டமான எடத்துல வச்சுத் திரும்பப் பூட்டணும்," என்றான் மனுவேல். "மலையில பொறந்த பாவத்துக்கு இனி மட்டமான எடத்த எங்கன்னு தேட?"

தேடினார்கள். மிஷன் பள்ளிக்கூடம் குளிர்கால லீவுக்கு மூடியிருந்தது. அங்கே பாஸ்கெட்பால் விளையாடுகிற சிமெண்டுத் தரை இருந்தது. ஒரு சொட்டு ஆயில் சிந்தினாலும் உங்களைக் கொண்டே கழுவ வைப்பேன் என்று எச்சரித்துவிட்டு வாட்ச்மேன் ஆண்டிச்சாமி கேட்டைத் திறந்தார்.

குளிரில் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. ஸ்பேனரைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளையும் மச்சானும் வாயில் புகை விட்டுக்கொண்டே போல்ட்டுகளைத் தளர்த்தி, கடப்பாரையால் அச்சை நெம்பி, போல்ட்டுத் தலையைக் குழிக்குள் கொண்டுவந்தார்கள். 'டக்'கென்று அது உட்கார்ந்த சத்தம் கேட்டபோது கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டான். இறுக்கி முடித்து வெயில் ஏறும் சமயம் அருள்மேரி தூக்குப்போணியில் காப்பியும் இலையில் கட்டிய இட்லியும் எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்திருந்தாள்.

"நீ ஏன் நடந்து வந்த?" என்று பதறினான் கஸ்பார்.

"ரெண்டு பேரும் பட்டினியாக் கெடந்தா அச்சு நேராயிருமா?" என்றாள். பிறகு கீழே பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பலகை போட்டாற்போல மட்டமாகக் கிடந்த அந்தத் தரையிலும் இடது சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. வைத்தது கஸ்பார் இல்லை, மனுவேல்.

இனி முன்சக்கரத்துக்கு நூல் பிடிக்க வேண்டும். பின்சக்கரத்தை ஒட்டி ஒரு நூலை இழுத்து முன்சக்கரம்வரை கொண்டுபோவார்கள். அதை வைத்து, முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் ஒரு நெல் கனத்துக்கு உள்ளே ஒடுங்கியிருக்கும்படி டை ராடைத் திருக வேண்டும். மனுவேல் நூலை எடுத்துவிட்டு நின்றான்.

"காலி வண்டிக்கு நூல் பிடிச்சுப் பிரயோசனமில்ல மாப்ள. பட்டையக் கொறச்சிருக்கோம். ஆள் ஏறினா இன்னும் தாழும், முன்னாடி நிப்பு மாறிரும். பின்சீட்டுல போறப்ப இருக்கிற பாரத்த வச்சுத்தான் பாக்கணும். ரெண்டு மூட்டை பூண்டு கெடச்சாப் போதும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். கஸ்பார் குனிந்து எதையோ தேடுகிறவன் மாதிரி தரையைப் பார்த்தான்.

அருள்மேரி தூக்குப்போணியைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு மூட்டை? போகப் போறது நான்தான. நானே ஒக்காருறேன்."

கஸ்பார் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஏறி, சீட்டில் உட்கார்ந்து, சால்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். வண்டி லேசாகத் தாழ்ந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததைப் பார்த்து மனுவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. நூலைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டான்.

கஸ்பார் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

"அரைச் சுத்து வலது பக்கம்," என்றான் மனுவேல்.

திருகுகிற சத்தம் கேட்டது.

"என்னங்க," என்றாள் அருள்மேரி. பேச்சு வண்டியின் தரையைப் பார்த்து வந்தது.

"ம்."

"அன்னைக்கு மூட்டைய ஏன் எறக்கல?"

ஸ்பேனர் நின்றுவிட்டது. மனுவேல் நூலை விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் நின்றான்.

"நேரம் ஆயிரும்னு," என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

"நாலு மூட்டைய எறக்க எம்புட்டு நேரமாகும்?"

ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. "நேரம் இல்ல அருளு. எப்படியும் வத்தலக்குண்டு வழியாத்தான போறோம், போற வழியில கடையில போட்டுட்டுப் போயிருவோம், ஒரே நடையில ரெண்டு சோலியும் முடிஞ்சிரும்னு நெனச்சேன். ஒனக்கு இப்படி ஆகும்னு நெனைக்கல. சத்தியமா நெனைக்கல."

"கடையில போட்டீங்களா?"

"இல்ல. நீ மொனங்குன மொனங்கல்ல நிப்பாட்டவே தோணல. நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் விட்டேன். அந்த மூட்டைய அப்புறம் எவன் எறக்குனான்னுகூட எனக்குத் தெரியாது."

அருள்மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல. நான் மூட்டைய விட மட்டமாப் போயிட்டனான்னு ரெண்டு வருசமா நெனச்சு நெனச்சு மருகிக்கிட்டுக் கெடக்கேன்."

"நீ கேக்கல."

"கேட்டாத்தான் சொல்லுவீங்களோ?"

அடியிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. குளிரால் என்று சொன்னால் நம்புவதற்கு அங்கே ஆள் இல்லை. கல்யாணமானதிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை, கேட்கத்தான் செய்தாள்.

மனுவேல் தொண்டையைச் செருமினான். "தாயி, வண்டி ஆடுது. நூலு நெலைக்கு நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் அசையாம இரு."

"நான் அசையலண்ணே. உள்ள இருக்கிறதுதான் அசையுது."

இரண்டு நாள் கழித்து, பனி விலகியதும் கிளம்பினார்கள். மனுவேல் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டான். பின்சீட்டில் மெத்தை விரித்து, இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி, அருள்மேரி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. வளைவில் திரும்பி முடித்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வந்தது. கஸ்பார் ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினான். எதிரே வந்த பஸ்ஸுக்கெல்லாம் ஓரம் ஒதுங்கி நின்றான். மனுவேல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, இந்த ரேட்டுல போனா புள்ள பள்ளிக்கூடத்துக்குப் போற வயசுலதான் மதுரை வரும்," என்றான்.

பெருமாள்மலை வந்தது. கஸ்பார் இன்னும் வேகத்தைக் குறைத்தான். "அருளு," என்றான்.

"இருக்கேன். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஒவ்வொரு வளைவுக்கும் கூப்பிட்டான். ஒவ்வொரு வளைவுக்கும் அவள் பதில் சொன்னாள். குளிர் குறைந்து, காற்றில் வெதுவெதுப்பு ஏறியது. டம்டம் பாறைக்குக் கீழே ஒரு வளைவில் கூப்பிட்டான். பதில் வரவில்லை. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான். சால்வை மட்டும்தான் தெரிந்தது. மறுபடியும் கூப்பிட்டான். சத்தமே இல்லை.

வண்டியை நடு ரோட்டிலேயே நிறுத்தினான். இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தான். அருள்மேரி வாயைத் திறந்துகொண்டு, சின்னக் குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அருளு! ஏ அருளு!"

அவள் திடுக்கிட்டு விழித்தாள். "என்ன? மதுரை வந்துருச்சா?"

"கூப்புடக் கூப்புட சத்தங் காட்டலையே நீ."

"கண்ணசந்துட்டேன். ராத்திரி பூராம் தூக்கமில்ல."

"புள்ள?"

அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கம் முழுக்கக் கலைந்துவிட்டது. அவன் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்து, தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மனுவேல் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. பிறகு கஸ்பாரின் உள்ளங்கைக்கு நேராக ஒரு உதை விழுந்தது. நல்ல உதை. அவன் கை தூக்கிப் போட்டது.

"எழுப்பிவிட்டுட்டீங்களா? என்கூடத்தான் அதுவும் தூங்கிக்கிட்டு வந்துச்சு," என்றாள் அருள்மேரி. "வண்டிய எடுங்க."

பின்னால் வந்து நின்ற பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏலே கஸ்பாரு, நடு ரோட்டுல என்னலே பண்ற?" என்று கத்தினான். கஸ்பார் கையை எடுக்கவில்லை.